மலையக நகரங்களில் பட்டறைகளுக்கு எங்கே இடம்?

ஹட்டன் டவுனிலிருந்து டிக்கோயாப் பக்கம் போகும் வீதியில் கராஜ், டயர் கடை, வெல்டிங் பட்டறை, அலுமினியம் பொருத்தும் கடை எல்லாம் வீடுகளோடு வீடுகளாகக் கலந்தே இருக்கின்றன. தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் நாவலப்பிட்டியிலும் இதே நிலைதான். பெரிய உலையோ புகைபோக்கியோ இல்லாமல், ஐந்தாறு பேர் வேலை செய்யும் இப்படிப்பட்ட இடங்களைத்தான் இலகு கைத்தொழில் என்கிறோம். தோட்டத்தில் பேர் பதிய விரும்பாத, கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகவும் மனமில்லாத பிள்ளைகளுக்குச் சொந்த ஊரிலேயே கைத்தொழில் கற்றுத் தரும் இடங்கள் இவை. ஆனால் இவற்றில் பல, நகரத்தின் வரைபடத்தில் தமக்கென்று ஓர் இடம் இல்லாமலே நடக்கின்றன.

நகர அபிவிருத்தித் திட்டங்கள் ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. அப்போது எந்த நிலத்தில் எது நடக்கலாம் என்ற வலய விதியும் மாறும். கைத்தொழில் வலயம் என்று ஒரு துண்டைக் குறிப்பதும், அங்கே எதை அனுமதிப்பது என்று எழுதுவதும் அந்தப் பக்கங்களில்தான் வரும். அவற்றை ஊரில் அதிகம் பேர் படிப்பதில்லை. படிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். நகர அபிவிருத்தி அதிகார சபை 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. நகர அபிவிருத்திப் பிரதேசம் என்று வர்த்தமானியில் பிரகடனமான இடங்களில் கட்டடமோ நிலப் பயன்பாட்டு மாற்றமோ அதன் அனுமதியோடுதான் நடக்க வேண்டும். பெரும்பாலான அனுமதிகளை அந்த அதிகாரத்தைப் பெற்று உள்ளூர் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளே வழங்குகின்றன. நீண்ட காலம் 1986ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் நடைமுறையில் இருந்தன. 2021இல் புதிய திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் வந்தன. நாடு முழுவதற்குமான பொது விதி அது. ஹட்டனில் இந்தச் சரிவில் கராஜ் வரலாமா என்பதை முடிவு செய்வது அந்தந்த நகரத்தின் அபிவிருத்தித் திட்டத்தில் உள்ள வலய வரைபடமும் அதனோடு வரும் பட்டியலும்தான்.

இதற்கு மேல் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தனி. அது 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வருவது. மாசு குறைந்த சிறு தொழில்களுக்கு அந்த உரிமத்தை உள்ளூராட்சி மன்றமே கொடுக்கும், மற்றவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபைக்குப் போக வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையும் வேண்டும். கடைசியில் ஆண்டுதோறும் வியாபார உரிமம். ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் இத்தனை மேசைகளுக்கும் போக வேண்டியிருக்கிறது. வலயம் பொருந்தவில்லை என்றால் முதல் மேசையிலேயே கதை முடிந்துவிடும்.

பழைய வலய விதிகளின் குறை, அவை தொழிலின் பெயரைப் பார்த்து எழுதப்பட்டவை என்பதுதான். பேக்கரி ஆகும், பட்டறை ஆகாது, மர ஆலை ஆகவே ஆகாது என்று பட்டியல் போகும். விறகு அடுப்பில் நள்ளிரவில் புகை விடும் பேக்கரியும் மின்சார அடுப்பில் பாண் சுடும் பேக்கரியும் அந்தப் பட்டியலில் ஒன்றேதான். மின்சார ஆட்டோவின் பேட்டரி பழுது பார்ப்பவர் எந்தச் சொல்லுக்குள் வருவார்? மரக்கறியைக் கழுவி வெட்டிப் பொதி செய்து ஹோட்டல்களுக்கு அனுப்பும் பெண்கள் குழு எதற்குள் வரும்? பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அதிகாரி தன் பாதுகாப்புக்கு இல்லை என்றுதான் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பெயருக்குப் பதிலாக விளைவை அளக்கும் விதியே நல்லது. எவ்வளவு சத்தம், எந்த நேரம், எந்த அளவு லொறி, கழிவுநீர் எங்கே போகிறது, என்ன இரசாயனம் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் விதி. மலையகத்தில் இது இன்னும் முக்கியம். ஏன் என்பதைச் சத்தத்தில் தொடங்கிப் பார்க்கலாம்.

ஏழு பேர்ச்சில் ஒரு கிரைண்டர்

1996ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள்படி, மாநகர சபை, நகர சபைப் பகுதிகளில் காலை 6 முதல் மாலை 6 வரை 63 டெசிபல், இரவில் 50. பிரதேச சபைப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45. அளப்பது பக்கத்து வீட்டு வாசலில் இல்லை, சத்தம் வரும் காணியின் எல்லையில்.

இரும்பைத் தேய்க்கும்போது ஒரு கை கிரைண்டர் ஒரு மீற்றர் தூரத்தில் சுமார் 96 டெசிபல் சத்தம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் குறையும். அந்தக் கணக்கில் 63க்கு இறங்க 45 மீற்றர் வேண்டும், 55க்கு இறங்க 110 மீற்றருக்கு மேல் வேண்டும். தோட்டங்களில் கட்டப்பட்ட தனி வீடுகளில் பலவற்றுக்குக் கிடைத்த நிலம் 7 பேர்ச், அதாவது சுமார் 177 சதுர மீற்றர். காணியின் நட்ட நடுவில் நின்றாலும் எல்லை ஆறேழு மீற்றரில் வந்துவிடும். அங்கே சத்தம் 80 இருக்கும்.

சரி, நாலு பக்கமும் கல் சுவர் எழுப்பிக் கதவைச் சாத்தி வேலை செய்தால்? சுமாரான சுவரே 20 டெசிபலைத் தடுக்கும். எல்லையில் 60 ஆகிவிடும். நகர சபை எல்லைக்குள் இது பகலில் விதிக்கு உட்பட்டது. இதே கட்டடத்தை அரை மைல் தள்ளிப் பிரதேச சபைக்குள் கட்டினால் விதிமீறல். கைத்தொழிற் பேட்டைகளுக்கு 70 வரை இடம் உண்டு, ஆனால் அது சுற்றாடல் சட்டத்தின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட பேட்டையாக இருக்க வேண்டும். வலய வரைபடத்தில் கைத்தொழிலைக் குறிக்கும் ஊதா நிறம் பூசிவிட்டதால் மட்டும் அந்த 70 கிடைத்துவிடாது. புதிய வலயம் குறிப்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யாவிட்டால், வலயத்துக்குள் போன பட்டறைக்காரர் அங்கேயும் புகாருக்கு ஆளாவார்.

பள்ளத்தாக்கில் இன்னொரு சங்கதி உண்டு. சமவெளியில் மதில் கட்டினால் பின்னால் உள்ள வீட்டுக்குச் சத்தம் குறையும். மலையில் பின் வீடு நம் கூரைக்கு மேலே இருக்கிறது. மதில் அங்கே ஒன்றுக்கும் உதவாது, கூரையைத்தான் அடைக்க வேண்டும். தகரக் கூரை போட்ட பட்டறைகளின் சத்தம் எதிர் மலை லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், கேட்பது அதனால்தான். பக்கத்துக் காணிக்கு இத்தனை மீற்றர் இடைவெளி என்று மட்டும் எழுதும் விதி, மேலே இருப்பவரைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

சரிவும் மழையும்

பட்டறைக்கு மட்டமான தரை வேண்டும், லொறி திரும்ப முற்றம் வேண்டும். மலையில் மட்டத் தரை என்றால் மண்ணை வெட்டுவது. 30 சதவீதச் சரிவில் 20 மீற்றர் ஆழமுள்ள கட்டடத்துக்கு மட்டம் எடுத்தால், முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் 6 மீற்றர் உயர வித்தியாசம் வரும். அந்த 6 மீற்றரும் செங்குத்தாக நிற்கும் மண் சுவர். பாதி வெட்டி, வெட்டிய மண்ணை முன்னால் கொட்டி நிரப்பினால் மூன்று மீற்றராகக் குறையும்தான். ஆனால் அந்த நிரப்பு மண்ணின் மேல் கொம்ப்ரசரும் லொறியும் நிற்கும், அடை மழையில் முதலில் நகர்வதும் அதுதான். ஆழத்தை 8 மீற்றராகச் சுருக்கினால் வித்தியாசம் 2.4 மீற்றர் மட்டுமே.

கைத்தொழில் வலயத்துக்குக் குறைந்தபட்சக் காணி அளவைப் பெரிதாக வைக்கும் வழக்கம் சமவெளிக்குச் சரி. மலையில் அது பெரிய வெட்டுகளுக்கு அழைப்பு விடுவதாக முடியும். படி படியாக, ஆழம் குறைந்த நீளமான கட்டடங்கள், எல்லாருக்கும் பொதுவான ஒரே முற்றம் என்று எழுதினால் வெட்டும் குறையும், செலவும் குறையும். வலய எல்லையைப் போடும் முன் சரிவு வரைபடத்தையும் மண்சரிவு அபாய வரைபடத்தையும் கீழே விரித்து அதன் மேல் எல்லையைப் போட வேண்டும். எல்லையை முதலில் போட்டுவிட்டு, ஒவ்வொரு விண்ணப்பமாகக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிச் சரிபார்ப்பது தலைகீழான வேலை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மலையகச் சரிவுகள் மீண்டும் இறங்கின. இதற்குப் பிறகும் எந்தச் சரிவையும் பார்க்காமல் நிறம் பூசுவது மன்னிக்க முடியாதது.

அப்புறம் தண்ணீர். ஹட்டன் இரண்டு பெரிய ஆறுகளின் நீர்ப்பிரிவில் இருக்கும் ஊர். ஹட்டன் ஓயா மகாவலிக்குப் போகிறது. டிக்கோயாப் பக்கத்துத் தண்ணீர் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கும் கெஹெல்கமு ஓயாவுக்கும் போய், மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனி ஆகிறது. கொழும்பு மக்கள் குடிக்கும் தண்ணீர் அம்பத்தலையில் அந்தக் களனியிலிருந்து எடுக்கப்படுவது. டிக்கோயாவில் ஒரு சேர்விஸ் ஸ்டேஷனின் கழிவு ஒயில் காணுக்குள் போனால் அது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை.

ஒயிலைப் பிரிக்கும் தொட்டி ஒன்றும் பெரிய தொழில்நுட்பம் இல்லை. மூன்று அறைகள். வாகனம் கழுவிய நீர் முதல் அறையில் விழும், மண்ணும் சேறும் அடியில் தங்கும். இரண்டாவதில் ஒயில் மேலே மிதக்கும். அடுத்த அறைக்குப் போகும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே குனிந்திருப்பதால், மிதக்கும் ஒயில் போகாது, அடி நீர் மட்டும் போகும். மிதப்பதை வாரத்துக்கு ஒருமுறை வாளியில் அள்ளிப் பீப்பாயில் சேர்த்தால் அதை வாங்கவும் ஆள் இருக்கிறது.

இது மலையகத்தில் பல இடங்களில் வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் மழை. கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் இதே தொட்டிக்குள் விழும்படி காண் வெட்டி வைத்திருப்பார்கள். 100 சதுர மீற்றர் கூரையில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,000 லீற்றர். இரண்டாயிரம் லீற்றர் தொட்டிக்குள் அத்தனையும் பாய்ந்தால், ஒரு வாரம் சேர்த்த ஒயில் முழுவதையும் அடித்துக்கொண்டு ஓயாவுக்குள் கொண்டுபோய் விடும். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவுக்குப் பெய்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். தொட்டி இருக்கிறதா என்று கேட்கும் விதி போதாது. கழுவும் இடத்துக்குக் கூரை இருக்கிறதா, மழை நீருக்கு வேறு காண் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். செலவு கொஞ்சம்தான். பத்துப் பட்டறைகள் சேர்ந்த இடத்தில் ஒரே பொதுக் கழுவுமிடம் என்றால் இன்னும் குறைவு.

காணி இல்லாதவருக்கு வலயம் எதற்கு

இனி வருவதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம். வலய விதி எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும், அதன் கீழ் விண்ணப்பிக்கக் காணி உறுதி அல்லது குத்தகைப் பத்திரமும் நில அளவைப் படமும் வேண்டும். மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரிடம் இவை இல்லை.

வரலாறு தெரிந்ததுதான். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு மாறியது, நிலம் அரசுடையதாகவே நீண்ட காலக் குத்தகையில் இருக்கிறது. லயத்தில் நாலு தலைமுறை வாழ்ந்தவருக்கும் அந்த அறைக்கு உறுதி கிடையாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நுவரெலியா மாவட்டத்தின் ஐந்து பிரதேச சபைகள் ஒன்பதாகின. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை எனப் புதிதாக வந்தவை பெரும்பாலும் தோட்டங்களையே எல்லையாகக் கொண்டவை.

இந்தச் சபைகளின் எல்லைக்குள்ளே தொழிலுக்கு என்று ஒதுக்கக்கூடிய காணி சபையிடம் அரிது. டவுன் காணி சிலரின் கையில், மற்றதெல்லாம் தேயிலை. ஆகவே தோட்டத்துப் பையன் கராஜ் போட டவுனில் வாடகைக்கு இடம் தேடுகிறான். முற்பணமும் வாடகையும் கட்டுப்படியாகாதபோது ஏழு பேர்ச் வீட்டு முற்றத்தில் தகரம் அடித்துக்கொண்டு தொடங்குகிறான். அந்த நிலம் வீட்டுக்கு மட்டும் என்று கொடுக்கப்பட்டது. அங்கே அவனுக்கு வலய அனுமதி கிடைக்காது, சுற்றாடல் உரிமம் கிடைக்காது, இவை இல்லாமல் வங்கிக் கடனும் எட்டாது. ஏற்கெனவே டவுனில் கடை வைத்திருப்பவருக்கு விதியைப் புதுப்பிப்பது ஒரு வசதி. இவனுக்கு அது கதவடைப்பாக மாறக் கூடாது.

பல்லேகலையில் கைத்தொழில் அபிவிருத்திச் சபையின் பேட்டை இருக்கிறது. நிலத்தைச் சபை வைத்துக்கொண்டு, துண்டு துண்டாக நீண்ட குத்தகைக்குக் கொடுக்கும் முறை நாட்டுக்குப் புதிதில்லை. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை போன்ற ஒவ்வொரு ஊருக்கும் வீதியை ஒட்டி, சரிவு குறைந்த இரண்டு மூன்று ஏக்கர் தோட்டக் காணியை விடுவித்து, பிரதேச சபையின் பெயரில் எடுத்து, 5 பேர்ச், 10 பேர்ச் கூடங்களாகக் குத்தகைக்கு விட்டால், உறுதி இல்லாதவரிடமும் விண்ணப்பிக்க ஒரு பத்திரம் இருக்கும். நாட்டின் நகர ஒழுங்குவிதியில் குறைந்தபட்சக் காணி 6 பேர்ச், அதாவது 150 சதுர மீற்றர். பொது முற்றத்தோடு கூடிய கூடங்களுக்கு அந்த அளவை ஒவ்வொரு கூடத்துக்கும் வைக்காமல் முழுக் காணிக்கும் சேர்த்துக் கணக்கெடுக்க விதியிலேயே இடம் எழுதப்பட வேண்டும்.

மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளையும் பாருங்கள். மட்டத் தரை ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக மலையை வெட்ட வேண்டாம். லொறி வரும் பாதை, பெரிய மின் இணைப்பு வந்த தடம், பீலித் தண்ணீர், சுற்றி நடக்கும் தூரத்தில் லயன்கள். கந்தப்பளையில் ஹெதர்செட் தொழிற்சாலை ஹோட்டலாக மாறியது எல்லாருக்கும் தெரியும். ஹோட்டலாகலாம் என்றால் பட்டறைக் கூடமாக ஏன் ஆகக் கூடாது? ஒரு கவனம் மட்டும் வேண்டும். மேல் மாடிகள் கொழுந்து வாட்டக் கட்டப்பட்டவை, பாரமான இயந்திரம் தாங்காது. கடைசல் இயந்திரமும் வெல்டிங்கும் கீழ்த்தளத்தில், தையலும் பொதியிடலும் மேலே என்று பிரித்து, பொறியியலாளரின் சான்றோடு அனுமதிக்கலாம். தடையாக இருப்பது வரைபடத்தில் அந்த இடம் தோட்ட விவசாய நிலமாகவே நிற்பதும், கம்பனியின் குத்தகையில் வேறு பயன்பாட்டுக்கு அரசின் சம்மதம் தேவைப்படுவதும்தான். முதலாவதை வலய விதி நீக்கலாம். இரண்டாவதற்கு அமைச்சு மட்டத்தில் பேச வேண்டும். மலையக எம்பிக்கள் பேச வேண்டிய இடம் இது.

இன்று டவுனுக்குள் நடக்கும் பட்டறைகளை என்ன செய்வது? புதிய வலயம் வந்த மறுநாளே அவை சட்டவிரோதம் ஆகிவிடும் என்று ஒரு பயம் இருக்கிறது. அது வீண் பயம் இல்லை. அனுமதியில்லாத பயன்பாட்டை நிறுத்தவும் கட்டடத்தை அகற்றவும் நகர அபிவிருத்திச் சட்டத்தின் 28அ பிரிவு நீதவான் மன்றம் போக வழி கொடுக்கிறது. ஆகவே விதியிலேயே எழுத வேண்டும்: இன்ன திகதிக்கு முன்பு நடந்துகொண்டிருந்த பட்டறை இருக்கலாம், பெரிதாக்கக் கூடாது, இத்தனை ஆண்டுக்குள் சத்தத்தையும் கழிவுநீரையும் இந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும், முடியாவிட்டால் புதிய கூடத்தில் முதல் உரிமை அவருக்கு. மாற்று இடம் தயாராகும் முன்பு எடுக்கச் சொல்லும் அறிவித்தல் வரக் கூடாது. பக்கத்து வீட்டாருக்கும் நியாயம் வேண்டும்தான், இரவு எட்டு மணிக்கு கிரைண்டர் சத்தத்தில் பிள்ளை படிக்க முடியாது. நேரக் கட்டுப்பாட்டை மட்டும் முதல் நாளிலிருந்தே அமுல்படுத்தலாம், அதற்குக் காசு செலவில்லை.

அபிவிருத்தித் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். அதற்குத் தரும் காலம் 60 நாள். அலுவலகத்துக்குப் போய் வரைபடத்தைத் தமிழில் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஊதா நிறத் துண்டு எங்கே இருக்கிறது, அதன் கீழே அபாய வரைபடம் என்ன சொல்கிறது, அங்கே லொறி ஏறுமா, அந்தக் காணி யாருடைய கையில் இருக்கிறது என்று கேளுங்கள். எங்கள் பட்டறை பாதிக்கப்படும் என்று பொதுவாக எழுதும் கடிதத்துக்கு அதிகாரியால் எதுவும் செய்ய முடியாது. வீதியின் பெயர், காணியின் அளவு, எத்தனை ஆண்டாக நடக்கிறது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எந்தப் பிரிவை எப்படி மாற்ற வேண்டும் என்று எழுதி, ஒரு கையால் வரைந்த படத்தையும் பழைய வியாபார உரிமத்தின் பிரதியையும் இணைத்தால் அது கோப்பில் நிற்கும். கராஜ்காரர், வெல்டிங்காரர், மில்காரர் எல்லாரும் சேர்ந்து ஒரே பட்டியலாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. வர்த்தமானியில் வந்த பிறகு ஒரு வரியை மாற்றவும் இதே வழியை முதலிலிருந்து நடக்க வேண்டியிருக்கும்.